தீவா, அரண்மனையா

ஜன்னல் ஓரத்துல நீங்களே உக்காந்துக்கங்க தம்பி. எனக்கு இந்தப் பக்கமே போதும். வெளிய தலை தெரியாம இருக்கறதுதான் எனக்கு நல்லது. ஏன்னு சொல்றேன், நேரந்தான் நிறையக் கெடக்குதே.

கண்டக்டர் என்ன சொன்னாரு, ரெண்டு மணி நேரமா? மேல பதினாலாவது வளைவுல கரும்பு லாரி குறுக்க மாட்டிக்கிட்டு நிக்குதாமா. இந்தத் திம்பம் மலைப்பாதையில இது எப்பவும் இருக்கறதுதானுங்க. முன்னாடியும் போக முடியாது, பின்னாடியும் போக முடியாது. நானும் அஞ்சு நாளா அப்படித்தான் இருக்கறேன்.

நீங்க சாம்ராஜ்நகருங்களா? மஞ்ச யாவாரமா, சரிங்க. நான் மைசூரு. தசரா பாக்கப் போறேன்னு நெனைச்சுக்காதீங்க. மைசூர்ல நான் ஏற்கெனவே இருக்கறனுங்க. திங்கக்கெழமையில இருந்தே அங்கதான் இருக்கறேன். எங்க வீட்டுல அப்படித்தான் நெனைச்சுட்டு இருக்கறாங்க. அவங்க வந்து சேர்றதுக்குள்ள நான் போயி அங்க நிக்கோணும். அதுக்குத்தான் இந்தப் பஸ்ஸு.

சிரிக்காதீங்க. மொதல்ல இருந்து சொல்றேன்.

என் பேரு நாச்சிமுத்துங்க. வெள்ளகோயில் பக்கம் பால் சொசைட்டில செகரட்டரியா இருந்து ரிட்டையர்டு ஆனவன். சம்சாரம் போயி நாலு வருசமாச்சு. ஒரே பையன், கௌரிசங்கர். கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கறான், சரவணம்பட்டில ஃப்ளாட்டு. ஊர்ல இருந்த வீட்டைக் குடுத்துத்தான் அந்த ஃப்ளாட்டை வாங்குனோம். அதனால நானும் அங்கயே வந்துட்டேன். ரெண்டு பெட்ரூமுங்க. ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு எனக்கு. எனக்குன்னே தனி ரூமு. கட்டலு, ஃபேனு, அலமாரி எல்லாம் இருக்குது. எத்தனை பேருக்கு அப்படிக் கெடைக்குது சொல்லுங்க.

மருமக பேரு சிந்துஜா. சென்னைக்காரப் புள்ள, அவங்கப்பா பேங்க்குல மேனேஜரா இருந்தவரு. தங்கமான புள்ளைங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை முகம் சுளிச்சுப் பேசுனதில்ல. பேத்தி இனியா. ஆறு வயசு.

வருசத்துக்கு ரெண்டு வாட்டி சம்பந்தி ரெண்டு பேரும் வருவாங்க. லீவு விட்டா பேத்தியப் பாக்க வரமாட்டாங்களா? மொத வாட்டி வந்தப்ப என் ரூமை அவங்களுக்குக் குடுத்துட்டு நான் ஹால்ல சோபாவுல படுத்துக்கிட்டேன். பால் சொசைட்டிப் பழக்கம், நாலு மணிக்கு முழிப்பு வந்துரும். எந்திரிச்சு நின்னுட்டு இருந்தேன். லைட்டைப் போட்டா அவங்க தூக்கம் கெட்டுப் போயிருமேன்னு லைட்டைப் போடல. அந்த நேரம் பாத்து சம்பந்தியம்மா தண்ணி குடிக்க வந்துட்டாங்க. இருட்டுல ஒரு ஆளு லுங்கியோட நின்னா யாருக்குத்தான் பகீர்னு இருக்காது? அவங்க போட்ட சத்தத்துல மேல் மாடிக்காரங்க எறங்கி வந்துட்டாங்க. யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. சம்பந்தி சிரிச்சுக்கிட்டாரு. சிந்துஜாதான் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல.

அதுக்கப்பறந்தான் இந்த டூரு ஆரம்பிச்சுது.

ஒரு நாள் சிந்துஜா போனை எடுத்துக்கிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. லீவுக்கு எங்கெங்க போலாம்னு அதுல படம் படமா வருதுங்க. “மாமா, வாழ்க்கை பூராம் பால் கேனோடயே இருந்துட்டீங்க. இனிமேலாச்சும் நாலு எடம் பாக்க வேண்டாமா? தீவு வேணுமா, அரண்மனை வேணுமா, நீங்களே சொல்லுங்க”ன்னுச்சு. தள்ளித் தள்ளிக் காட்டுது. ஒரு படத்துல கடலு பச்சையா இருக்குது, தென்னமரத்துக்கு நடுவுல ஊஞ்சல் கட்டி ஒருத்தன் படுத்திருக்கறான். அடுத்த படத்துல அரண்மனை, யானை, தலைப்பாக் கட்டுன ஆளுங்க. ரெண்டுமே நான் கேட்டதில்லீங்க. அதுவா அன்பா கேக்கறப்ப ரெண்டும் வேண்டாம்னு எப்படிச் சொல்றது? “எது உனக்குத் தோது கண்ணு?”ன்னேன். “தீவுதான் மாமா, அடுத்த மாசம் பத்தாந்தேதி ஒரு குரூப் கெளம்புது”ன்னுச்சு.

அந்தமானுங்க. போர்ட் பிளேர்ல எறங்கி, அங்கிருந்து கப்பல்ல ஒரு சின்னத் தீவு. கடலோரமா குடிசையாட்டக் கட்டிவெச்சு உள்ள ஏசி போட்டிருக்காங்க. நாலு பக்கமும் தண்ணி. எனக்குக் கெணத்து நீச்சல் தெரியும், கடலுக்கு அது ஆகாதுன்னுட்டாங்க. ரெண்டு நாளுன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. மூணாம் நாளு புயல் சின்னம்னு கப்பலை நிறுத்திட்டாங்க. அப்பறம் அஞ்சு நாளு தம்பி. கூட வந்ததெல்லாம் ஜோடி ஜோடியா வந்தவங்க, சீட்டாடுனாங்க. நான் ஜன்னல்ல உக்காந்து மழையப் பாத்துட்டு இருந்தேன். பையனுக்குப் போன் போட்டு, “போட்டு கீட்டு ஏதாச்சும் கெடைச்சா வந்தர்றேன்டா”ன்னேன். “ஒண்ணும் அவசரப்படாதீங்கப்பா. பத்திரமா இருங்க, அதுதான் முக்கியம். இங்க எல்லாரும் நல்லா இருக்கறோம்”னான். பின்னாடி சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. சம்பந்தி வந்திருந்தாங்க, நான் மாட்டிக்கிட்டேன்னு தெரிஞ்சதும் அவங்களும் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுட்டாங்களாம். அவன் அக்கறையானவந்தான் தம்பி. தெனம் ஒருக்கா கூப்புட்டு, காத்து கொறைஞ்சுதாப்பான்னு கேப்பான்.

அடுத்த லீவுக்கு அரண்மனை. உதய்ப்பூரு. ஏரிக்கு நடுவுல வெள்ளை வெளேர்னு ஒண்ணு நிக்குது. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா குரூப்புல தமிழ் பேசற ஆளு ஒருத்தரும் இல்ல. சாப்பாடு வந்தா கையைக் காட்டுவேன், போதும்னா கையைக் காட்டுவேன். பதினோரு நாள் வாயே தொறக்கல. ஒரு நாள் சாயங்காலம் ரூம்ல கண்ணாடிக்கு முன்னாடி நின்னு, நாச்சிமுத்து, நாச்சிமுத்துன்னு ரெண்டு வாட்டி சொல்லிப் பாத்தேன், குரல் வருதான்னு.

குறை சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. இந்த வயசுல யாரு பெத்தவங்களை இப்படி ஊர் ஊரா அனுப்பறாங்க? எங்க ஊர்ல என் வயசு ஜோட்டுக்காரங்க எல்லாம் பொறாமைப்படறாங்க. எனக்கு ஒரே ஒரு வருத்தந்தான். சம்பந்தி வர்றப்பவெல்லாம் நான் ஊர்ல இருக்கறதில்ல. டூர் தேதி அப்படி அமைஞ்சுருதுங்க. ஒண்ணரை வருசமா அவருகிட்ட உக்காந்து ரெண்டு வார்த்தை பேசக் குடுத்து வெக்கல.

என்னங்க? இல்ல, ஏதோ சொல்ல வந்தீங்களோன்னு பாத்தேன். சரி.

இந்த வாட்டி மைசூரு. ஒம்பது நாளு. தசரா, அரண்மனை, சீரங்கப்பட்டணம், அப்பறம் ஏதோ கோயிலு. திங்கக்கெழமை காலையில ஆறு மணிக்குக் காந்திபுரத்துல டூர் பஸ் வரும்னு பையன் கார்ல கொண்டாந்து எறக்கி விட்டான். “நான் அப்படியே ஸ்டேஷனுக்குப் போயி மாமா அத்தையக் கூட்டிட்டுப் போயர்றேன்பா”ன்னான். அவங்க சென்னை ரயில்ல வர்றாங்கல்ல, ஒரே வேலையா முடிஞ்சுது. நல்லா யோசிச்சுத்தான் பண்ணுவான் எதையும்.

பஸ்ஸு வரல. ஏழாச்சு, எட்டாச்சு. வாரவங்க போறவங்க எல்லாம் பாக்கறாங்க, இருபது பேரு சூட்கேசோட ரோட்டோரத்துல நிக்கறோம். பத்து மணிக்கு டூர்க்காரன் ஒருத்தன் வந்தான். கர்நாடகா பெர்மிட்டுல ஏதோ தகராறாம், டூரு அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போச்சாம். கொஞ்ச நேரம் சத்தம் போட்டாங்க. அப்பறம் எல்லாரும் புள்ளைங்களுக்குப் போன் போட்டாங்க. கார் வந்துச்சு, ஸ்கூட்டர் வந்துச்சு, ஏறிப் போயிட்டாங்க. பையன் ஆபீஸ்ல இருப்பானேன்னு நான் போன் போடல. டவுன் பஸ் புடிச்சு சரவணம்பட்டிக்குப் போயிட்டேன்.

ரெண்டாவது மாடிங்க. லிப்ட்டுல ஏறிப் போனேன். கதவு தொறந்திருக்குது, கம்பிக் கதவு மட்டும் சாத்தியிருக்குது. வாசல்ல செருப்பு ஸ்டேண்டு பக்கத்துல ஒரு அட்டைப் பெட்டி. டேப்பு போட்டு ஒட்டி மேல பேனாவுல ‘மாமா’ன்னு எழுதியிருந்துச்சு. சிந்துஜா கையெழுத்து முத்து முத்தா இருக்கும். எங்க எதை வெச்சோம்னு மறந்துறக் கூடாதுன்னு எல்லாத்துலயும் எழுதி ஒட்டற புள்ள அது. பெட்டி வாய் சரியா ஒட்டாம இருந்த எடத்துல என் பச்சைத் துண்டு தெரிஞ்சுது. அலமாரியக் காலி பண்ணிக் குடுத்திருக்காங்க, விருந்தாளிங்களுக்குத் துணி வெக்க எடம் வேணுமில்ல. உள்ள எடம் பத்தாம வெளிய வெச்சிருப்பாங்க.

பெல்லை அமுத்தக் கையைக் கொண்டு போனேன். உள்ள சம்பந்தி பேசறது கேட்டுச்சு. கௌரியும் லீவு போட்டுட்டு வீட்டுலதான் இருந்திருக்கறான்.

“அப்பா எப்ப வர்றாரு மாப்ளே?”

“ஒம்பது நாள் ஆகும் மாமா. மெதுவா இருங்க.”

“மெதுவா வரட்டும், மெதுவா வரட்டும். பாவம், நல்லா சுத்திப் பாக்கட்டும்.”

அதுக்கு மருமக, “இந்த வாட்டிதான்ப்பா எனக்கு நிம்மதியா இருக்கு”ன்னுச்சு.

என்னத்தை நெனைச்சுச் சொல்லுச்சோ. வேலை ஜாஸ்தி அதுக்கு, ஆபீஸ்லயும் பாக்குது வீட்டுலயும் பாக்குது. நான் கையை எடுத்துட்டேன். லிப்ட்டுல போனா சத்தம் கேக்கும்னு படியில எறங்கிட்டேன். சூட்கேசு படியில இடிக்காம ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு எறங்குனேன்.

ஏன் போன் பண்ணி நெசத்தைச் சொல்லலன்னு கேக்கறீங்க. சொல்லியிருக்கலாந்தான். சொன்னா அவனே வந்து கூட்டிட்டுப் போவான், அதுல சந்தேகமே இல்ல. கூட்டிட்டுப் போயி, அந்தப் பெட்டியை உள்ள தூக்கி வெச்சுக்கிட்டே “நல்லதாப் போச்சுப்பா”ம்பான். அப்படிச் சொல்றப்ப அவன் மூஞ்சிய நான் பாக்கோணுமே. அதுதானுங்க.

மறுபடியும் காந்திபுரத்துக்கே வந்து ஒரு லாட்ஜ்ல ரூம் கேட்டேன். மேனேஜர் பேரு அப்துல் ஹக்கீம், அம்பது வயசு இருக்கும். ஆதார் கார்டைப் பாத்துட்டு நிமிந்து பாத்தாரு.

“ஐயா, சரவணம்பட்டி இங்கிருந்து அரை மணி நேரம். எதுக்கு ரூமு?”

“வீட்டுல பெயிண்ட் அடிக்கறாங்க பாய்.”

“மன்னிச்சுக்கங்க. உள்ளூர்க்காரங்க தனியா வந்து கேட்டா நாங்க குடுக்கறதில்ல. போன வருசம் ஒருத்தரு இப்படித்தான் வந்து...”ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாரு.

எனக்கு மொதல்ல புரியல. அப்பறம் புரிஞ்சுது. “நான் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க. எனக்கு ஒரு கொறையும் இல்ல. மைசூர் டூர்க்கு வந்த ஆளு நானு”ன்னு சொல்லி டூர் ரசீதை எடுத்துக் காட்டுனேன். அதைப் பாத்ததும் அவருக்கு இன்னும் கொழப்பம். கடைசில என்ன நெனைச்சாரோ, சாவி குடுத்தாரு. ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கதவைத் தட்டி, “ஐயா, டீ வேணுமா?”ம்பாரு. “வேண்டாம் பாய்”ம்பேன். என் குரலைக் கேட்டுட்டுப் போயிருவாரு. உள் தாப்பாளைப் போடாதீங்கன்னு வேற கேட்டுக்கிட்டாரு.

ரூமு முன்பக்கம், கிராஸ்கட் ரோட்டைப் பாத்தாப்பல. அதுதான் வம்பாப் போச்சு. ஊர்ல இருக்கற துணிக்கடை நகைக்கடை எல்லாம் அங்கதானே இருக்குது. விருந்தாளி வந்தா எங்க கூட்டிட்டுப் போவாங்க? பையனோட ஆபீஸ்காரங்க வேற அங்கதான் சுத்துவாங்க. நான் வெளியவே வரல. மெஸ்ஸுல கூட்டம் வடிஞ்சதுக்கப்பறம் மூணு மணிக்குத் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு எறங்கிச் சாப்புட்டு வருவேன். மிச்ச நேரமெல்லாம் கட்டல்ல உக்காந்திருப்பேன். ரெண்டு சட்டையை மாத்தி மாத்தித் தொவைச்சேன், வேற என்ன வேலை? அந்தமான்லயாச்சும் கதவைத் தொறந்தா கடலு இருந்துச்சு.

புதன்கெழமை சாயங்காலம் ஜன்னல்ல நின்னுட்டு இருந்தேன். எதுத்தாப்பல துணிக்கடையில இருந்து அவங்க வர்றாங்க. கௌரி ரெண்டு கையிலயும் பை. சிந்துஜா அவங்கம்மாகிட்ட என்னமோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டே வருது. அப்படி அது சிரிச்சு நான் பாத்ததே இல்ல தம்பி. இனியா சம்பந்தி கையப் புடிச்சிருக்குது. பலூன்காரன்கிட்ட இழுக்குது, அவரும் போறாரு. நான் பின்னால நகர்ந்தேன். நகர்ந்தவன் அப்படியே ஜன்னலுக்குக் கீழ தரையில உக்காந்துட்டேன், யாரோ துப்பாக்கியோட தேடற மாதிரி. அவங்க போயி ரொம்ப நேரம் ஆகியிருக்கும், நான் எந்திரிக்கல. ஹக்கீம் பாய் வந்து கதவைத் தொறந்து பாத்தாரு. நான் தரையில இருக்கறதைப் பாத்து மூஞ்சி வெளுத்துப் போச்சு அவருக்கு.

அன்னைக்குத்தான் அவருகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். “எனக்கும் வாப்பா இருக்காருங்கய்யா, திண்டுக்கல்ல”ன்னாரு. அப்பறம் எந்திரிச்சுப் போயி ரெண்டு டீ கொண்டாந்தாரு.

தெனம் சாயங்காலம் வீட்டுல இருந்து போன் வரும். “அரண்மனை எப்படி இருக்கு மாமா?” “பெருசா இருக்குதும்மா.” “சாப்பாடு?” “பரவால்லம்மா.” வியாழக்கெழமை இனியா பேசுச்சு. “தாத்தா, யானை பாத்தீங்களா?”

“பாத்தேன் கண்ணு. நெத்தியில எல்லாம் கலர் கலராக் கோலம் போட்டிருந்துச்சு.”

“உங்க கட்டல்ல சென்னைத் தாத்தா தூங்கறாரு. கொறட்டை விடறாரு. நீங்க எப்ப வருவீங்க?”

அதுக்குள்ள போன் கைமாறிருச்சு. பையன் பேசுனான். “அப்பா, ஒரு போட்டோ கூட அனுப்பலியே. நீங்க நிக்கற மாதிரி ஒண்ணு அனுப்புங்க. மாமா கேட்டுட்டே இருக்காரு”ன்னான்.

என்ன பண்றது? ஹக்கீம் பாய்கிட்டச் சொன்னேன். லாட்ஜுக்குக் கீழயே ஃப்ளெக்ஸ் அடிக்கற கடை, அங்க இருக்கறவரு அவருக்குத் தெரிஞ்சவரு. என்னைச் செவுத்தோரமா நிக்க வெச்சு ஒரு படம் எடுத்தாரு. அரை மணி நேரத்துல நான் மைசூர் அரண்மனை வாசல்ல நிக்கறேன். பின்னாடி எல்லா லைட்டும் எரியுது. நான் லைட்டு வெளிச்சத்துல கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிக்கற மாதிரியே அமைஞ்சு போச்சு. அனுப்புனேன். “செம்மப்பா”ன்னு வந்துச்சு. சிந்துஜா கைதட்டற பொம்மை அனுப்புச்சு. ராத்திரி அந்தப் படத்தை நானே நாலஞ்சு வாட்டி எடுத்துப் பாத்தேன். அதுல இருக்கறவன் சந்தோசமாத்தான் இருக்கறான்.

அந்தப் படந்தானுங்க எனக்கு வெனையாப் போச்சு. நேத்து ஆறு மணிக்குப் பையன் கூப்புட்டான். குரல்ல அப்படி ஒரு உற்சாகம். “அப்பா, உங்க போட்டோவப் பாத்ததுல இருந்து மாமாவுக்கும் அத்தைக்கும் மைசூர் பாக்கணும்னு ஆசை வந்திருச்சு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் கார்ல கெளம்பறோம். எல்லாரும் அங்கயே சந்திச்சுக்கலாம். நீங்க எந்த ஹோட்டல்?”

சிக்னல் சரியில்லடான்னு போனை வெச்சுட்டேன். அஞ்சு நாளா நான் லாட்ஜுல கெடந்தது தெரிஞ்சா, சம்பந்தி முன்னாடி என் பையன் என்ன ஆவான்? அப்பனை வீட்டை விட்டு வெரட்டிட்டான்னு தானே நெனைப்பாரு? மருமக பேரு கெட்டுப் போகாதா? அவங்க எனக்கு நல்லது பண்ணப் போயி இப்படி ஒரு பேரு வாங்கோணுமா? அதான் மொத பஸ்ஸுல ஏறிட்டேன். மத்தியானத்துக்குள்ள போயி அரண்மனை வாசல்ல நின்னுக்கறேன். குரூப்பு முன்னாடியே போயிருச்சு, உங்களுக்காக நான் நின்னுட்டேன்னு சொன்னா முடிஞ்சுது. எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன். இந்த லாரியத்தான் யோசிக்கல.

பஸ் ஏத்தி விட ஹக்கீம் பாயும் வந்தாரு. “ஐயா, போயித்தான் ஆகணுமா?”ன்னு கேட்டாரு. பின்ன போகாம?

இருங்க, போன் அடிக்குது. பையந்தான்.

சொல்றா கௌரி... கேக்குது, சொல்லு... ஆமாடா, அரண்மனை வாசல்லதான்... கூட்டம், அதான் சத்தம்... எங்க?... ஏழாவது வளைவா... ஐயோ, எத்தனை வாட்டி?... ம்... சரி... சரிடா. பாத்துப் போங்க.

வெச்சுட்டான். வந்துட்டாங்க தம்பி. ஏழாவது வளைவுல நிக்கறாங்களாம். நாம இருக்கறது ஒம்பதாவது. இனியா மூணு வாட்டி வாந்தி எடுத்துருச்சாம், வளைவு ஒத்துக்கல. சம்பந்தியம்மாவுக்கும் தலை சுத்துதாம். அதனால வண்டியத் திருப்பிக்கிட்டு வீட்டுக்கே போறாங்களாம். “நீங்க பொறுமையா இருந்து எல்லாம் பாத்துட்டு வாங்கப்பா, மாமா அத்தை இன்னும் ஒரு வாரம் இருப்பாங்க”ங்கறான்.

தப்பிச்சேன். இனி ஒரு அவசரமும் இல்ல. லாரி எப்ப நகர்ந்தா என்ன? மைசூர் போயி நெசமாவே அரண்மனைய ஒரு பார்வை பாத்துக்கலாம். தசரா நேரத்துல ரூமு கெடைக்காதுன்னு கண்டக்டர் சொல்றாரு. கெடைக்காட்டி பஸ் ஸ்டேண்டு இருக்குது. பரவால்லீங்க, ஒரு வாரந்தானே.

கொஞ்சம் நகருங்க தம்பி, ஜன்னல் வழியா ஒருக்காப் பாத்துக்கறேன். அவங்க எறங்கற பக்கந்தான் பாப்பாங்க, மேல பாக்க மாட்டாங்க. அதோ, மூங்கில் பொதருக்கு நடுவுல, வெள்ளை வண்டி தெரியுதுங்களா? ரோட்டோரக் கட்டச் செவுத்துல உக்கார வெச்சிருக்காங்க பாருங்க, மஞ்சச் சட்டை. அதுதான் என் பேத்தி. முதுகைத் தடவறது சிந்துஜா.

அப்படி இல்லீங்க. முதுகைத் தடவுனா அதுக்கு இன்னும் ஜாஸ்தியாகும். நெத்தியப் புடிக்கோணும். ஒரு கையால நெத்தியை நல்லா அழுத்திப் புடிச்சுக்கிட்டு, காதுக்கிட்ட எதையாச்சும் பேசிக்கிட்டே இருக்கோணும். ஸ்கூல் வேன்ல இருந்து எறங்குன உடனே வாரத்துல ரெண்டு நாளு எடுக்கும் அது. அந்நேரத்துக்கு அவங்க ரெண்டு பேரும் ஆபீஸ்ல இருப்பாங்க, நாந்தான் புடிப்பேன். அவங்களுக்கு எப்படித் தெரியும், அவங்க பாத்ததில்லியே. நானும் சொன்னதில்ல.

பாருங்க, மறுபடியும் எடுக்குது. சம்பந்தி தண்ணி பாட்டிலோட தள்ளி நிக்கறாரு. பையன் போனைப் பாத்துட்டு இருக்கறான். அது கையை முன்னாடி நீட்டி நீட்டி எதையோ தேடுது பாருங்க. யாராச்சும் நெத்தியப் புடிக்கோணும்னு தேடுது.

யாரும் புடிக்கலியே.

இருங்க. இருங்க, ஒரு போன் போட்டுக்கறேன்.

கௌரி, வண்டியத் திருப்பாத. புள்ளை நெத்தியப் புடிக்கச் சொல்லு... நெத்திடா, நெத்தி. முதுகு இல்ல... சரி விடு, உனக்கு வராது. அங்கயே நில்லு, நான் வர்றேன்... மேல இருந்து... மைசூர்ல இருந்து இல்லடா, ஒம்பதாவது வளைவுல இருந்து. பஸ்ஸுல இருக்கறேன், உனக்கு நேர் மேல... நான் மைசூருக்குப் போகவே இல்ல... எங்கயும் போகல, காந்திபுரத்துலதான் இருந்தேன்... திங்கக்கெழமையே வீட்டுக்கு வந்தேன், வாசல் வரைக்கும் வந்தேன்... அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். நீ ஏன்டா அழுவறே? போனை வெய்யி, புள்ளையப் பாரு.

வழி விடுங்க தம்பி. எறக்கந்தானே, பத்து நிமிசத்துல போயிருவேன்.

கண்டக்டர், மைசூர் டிக்கெட்டுத்தான் எடுத்தேன், இங்கயே எறங்கிக்கறனுங்க... காடுன்னா என்னங்க, நடு ரோட்டுல இத்தனை வண்டி நிக்குது, எந்த யானை வரப் போகுது? கதவை மட்டும் தொறங்க.

தம்பி, அந்த சூட்கேசை ஜன்னல் வழியாக் குடுத்துருங்க. மெதுவா. ஆங், புடிச்சுக்கிட்டேன்.

ஆமாங்க, வீட்டுக்குத்தான்.